துணிப்பை தைக்க ஓர் அறை வேண்டி மனு

அனுப்புநர்:
துணிப்பை தைக்கும் தன்னார்வலர்கள்,
கொருக்குப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
தண்டையார்பேட்டை மண்டலம் (மண்டலம் 4),
பெருநகர சென்னை மாநகராட்சி.

பொருள்: வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து தைக்க இடமும் கரண்டும் கேட்பது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

நாங்கள் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து ஆட்கள், பதினேழு பேர். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள்தான் அதிகம், அப்புறம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பேர், காலேஜ் பிள்ளைகள் நாலு பேர், கடையை மூடிவிட்ட ஒரு டெய்லர் அண்ணன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தெருவில் வடிகாலைத் திறந்தபோது பிளாஸ்டிக் கவர் கவராக வந்தது, அள்ள அள்ளத் தீரவில்லை. அதைப் பார்த்துத்தான் துணிப்பை தைக்க ஆரம்பித்தோம். அள்ளிய கவர் எல்லாம் மறுபடி கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குத்தானே போகும், அதன் புகையும் நாற்றமும் எங்கள் வீட்டுக்குத்தானே வரும்.

வீடு வீடாகப் போய்ப் பழைய சேலை, வேட்டி, ஜன்னல் திரை வாங்குகிறோம். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் சிலர் மிச்சத் துண்டுத் துணியும் தருகிறார்கள். நல்ல பருத்திச் சேலை ஒன்றில் எட்டு முதல் பத்துப் பை வரும். நைந்துபோன சேலையை இரண்டு மடிப்பாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து கிலோ அரிசிக்கே கிழியும். பை முதலில் பிய்வது காதில்தான், அதனால் காது சேரும் இடத்தில் கட்டம் போட்டுக் குறுக்கே இரண்டு தையல், அடியில் இரட்டைத் தையல். எங்களோடு இருக்கும் பெரியவர் ஒருவர் பின்னி மில்லில் தறியில் நின்றவர், 1996இல் மில் மூடும் வரை. துணியை விரலால் ஒரு தேய் தேய்த்தே எது தாங்கும், எது தாங்காது என்று பிரித்துவிடுவார். அந்த அறிவு எந்த வகுப்பிலும் கிடைக்காது ஐயா.

இத்தனை நாள் தெரிந்தவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் தைத்தோம். இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டார்கள், அதில் தப்பு இல்லை. அவரவர் வீட்டில் தைக்கலாம் என்று பிரிந்து போனோம், இரண்டே மாதத்தில் வேலை நின்றே போனது. ஒருவர் வெட்ட, ஒருவர் மடிக்க, ஒருவர் மிதிக்க என்று இருந்தால்தான் சாயங்காலத்துக்குள் அறுபது பை வரும். தனியாக உட்கார்ந்தால் அடுப்பு கூப்பிடும், குழந்தை கூப்பிடும், மூன்று பைக்கு மேல் நகராது. மெஷின் எங்களிடம் ஐந்து இருக்கிறது, இரண்டு மோட்டார், மூன்று மிதி மெஷின். பணம் கேட்கவில்லை. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஏழு வரை, ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை, மாநகராட்சிக் கட்டடம் ஏதாவது ஒன்றில் ஓர் அறை, இரண்டு பிளக் பாயிண்ட், மெஷினைப் பூட்டி வைக்க ஒரு மூலை. கரண்டுக்கு ஆகும் காசை நாங்களே கட்டிவிடுகிறோம், கூட்டிப் பெருக்கிச் சாவியையும் அன்றன்றைக்கே ஒப்படைக்கிறோம்.

இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் முதல்வர் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கி வைத்தார், கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் மெஷினே வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கம் தள்ளுவண்டியில் கீரை விற்கும் அக்காவிடம் கவரைப் பிடுங்கி அபராதம் போட்டுவிட்டுப் போனால், அடுத்த அரை மணி நேரத்தில் வெறுங்கையோடு வந்து நிற்பவருக்கு அவர் எதில் போட்டுக் கொடுப்பார்? வியாபாரம் போய்விடும் என்ற பயத்தில் மறுநாள் மறுபடி கவர் வாங்கத்தான் செய்வார். அதனால் சோதனைக்கு வரும் நாளை மட்டும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், கடைக்காரர் யாருக்கும் அதை வெளியே விடமாட்டோம், கூடவே வந்து கவரை எடுக்கும் இடத்திலேயே இருபது பை வைத்துவிட்டு வருகிறோம். வாங்கிப் போகிறவர் அடுத்த முறை வரும்போது திருப்பித் தரட்டும், தராவிட்டாலும் பரவாயில்லை, அது அவர் வீட்டு ஆணியில் தொங்கும்.

மீனுக்கு மட்டும் எங்களிடம் வழி இல்லை. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவர்களிடம் தூக்குவாளியோ கூடையோ கொண்டு போகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் பேர் கேட்கிறார்கள்.

தைத்த பைகளில் ஐந்தை இந்த மனுவோடு வைத்திருக்கிறோம். காதைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். தண்டையார்பேட்டையோ கொருக்குப்பேட்டையோ, நடந்து வரும் தூரத்தில் எந்த அறை என்றாலும் சரி, வரும் பருவமழைக்கு முன்னால் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
துணிப்பை தைக்கும் தன்னார்வலர்கள் பதினேழு பேர்
(கையெழுத்துகள் பின்பக்கத்தில்)