எமிலி ஹொப்ஹவுஸையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானியப் பெண் சீர்திருத்தவாதிகள் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் வாசித்தேன். புளோரன்ஸ் நைட்டிங்கேல் இருந்தார், வாக்குரிமைக்குப் போராடிய பெண்களும் இருந்தார்கள். தன் நாடு நடத்திய போரையே தட்டிக்கேட்ட எமிலி ஹொப்ஹவுஸைக் காணவில்லை. அவரை விட்டுவிடக் கூடாது.

தென்னாபிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களோடு பிரித்தானியா நடத்திய அந்தப் போயர் யுத்தம் நமக்கு அவ்வளவு தூரத்து விஷயமும் அல்ல. தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் ஆண்கள் சுமார் 5000 பேரை 1900 முதல் இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலானோரை அடைத்துவைத்தது நம் தியத்தலாவையில். தென்னாபிரிக்காவிலோ பிரித்தானியப் படையினர் அவர்களின் பண்ணை வீடுகளை எரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் கூடார முகாம்களில் தள்ளினார்கள். 1901 தொடக்கத்தில் புளூம்பொன்டைன் முகாமுக்குள் போன எமிலி, வெயிலில் கொதிக்கும் கூடாரங்களில் காய்ச்சலோடு கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார். தண்ணீர் போதாது. சவர்க்காரம் கேட்டால், அது ஆடம்பரப் பொருள் என்று பதில். கண்டதையெல்லாம் எழுதி லண்டனில் வெளியிட்டார். எதிரிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று சொந்த நாட்டிலேயே ஏசினார்கள். அந்த ஒக்டோபரில் மறுபடி கேப் டவுன் போனவரைக் கரையிறங்க விடாமல், பலவந்தமாக வேறு கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அந்த முகாம்களில் இறந்த போயர் மக்கள் சுமார் 26,000 பேர். அதில் பெரும்பகுதி பிள்ளைகள்.

ஆனால் எனக்கு அவர்மேல் பெருமதிப்பு வந்தது 1913இல் அவர் செய்ததைப் படித்தபோதுதான். இறந்தவர்களுக்காக புளூம்பொன்டைனில் எழுப்பிய நினைவுச்சின்னத்தைத் திறந்துவைக்க அழைத்திருந்தார்கள். போகும் வழியில் உடம்புக்கு முடியாமல் போய், உரையை மட்டும் அனுப்பிவைத்தார். தங்களுக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் சிக்கி, வேறு முகாம்களில் ஆயிரக்கணக்கில் செத்த கறுப்பின மக்களையும் நினையுங்கள் என்று அதில் கேட்டார். தன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடிய மக்களிடமே இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவரவர் பக்கத்துச் சாவை மட்டும் எண்ணிப் பழகிய நம் நாட்டுப் பிள்ளைகள் இதை அவசியம் வாசிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் மாணவர் பக்கத்தில் எமிலியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், தியத்தலாவைக் கதையையும் சேர்த்து. இடமிருந்தால் எக்லன்டைன் ஜெப்பும் வரட்டும். முதலாம் உலகப் போர் ஓய்ந்த பிறகும் பிரித்தானியாவும் நேச நாடுகளும் தொடர்ந்த முற்றுகையால் ஒஸ்திரியப் பிள்ளைகள் பட்டினி கிடந்ததைத் துண்டுப்பிரசுரமாகக் கொடுத்ததற்காக, 1919இல் லண்டன் நீதிமன்றத்தில் 5 பவுண் தண்டம் விதிக்கப்பட்டவர் அவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6