பேட்டரிக்கான பிரேக்கர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். பணி ஓய்வுக்குப் பிறகு நீயே ஒரு 48 வோல்ட் லித்தியம் பேட்டரி அமைப்பைக் கட்டத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும், கல்லூரிப் பட்டறையில் நாம் இரவு வெகுநேரம் விழித்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் வீட்டு ஏ.சி. (மாறுதிசை மின்னோட்ட) போர்டிலிருந்து கழற்றிய பழைய 100 ஆம்பியர் எம்.சி.பி.யையே, அதாவது மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கரையே, பேட்டரிக்கும் போட்டுவிடலாமா என்று நீ கேட்டிருந்ததால்தான் இன்றே எழுத உட்கார்ந்தேன். அதைப் போடாதே.

100 என்ற எண்ணில் பிழையில்லை. 3000 வாட் இன்வெர்ட்டர், பேட்டரி 44 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில், 90 சதவீதத் திறனுடன் ஓடினால் ஏறத்தாழ 76 ஆம்பியர் இழுக்கும். அதன்மேல் கால் பங்கு சேர்த்தால் 95 வரும். நீ வாங்கியிருக்கும் 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளும் அதைத் தாங்கும். பிரேக்கர் முதலில் காப்பது கேபிளைத்தான் என்பதால் இந்தப் பொருத்தம் அவசியம். ஆயினும் ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்குவது, கயிற்றின் நீளத்தை மட்டும் பார்த்துக் கிணற்றில் இறங்குவது போன்றது.

50 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைக் கடக்கிறது. பிரேக்கரின் தொடுமுனைகள் பிரியும்போது இடைவெளியில் தொடர்ந்து எரியும் மின்பொறியான மின்வில் அணைய அதுவே வழிவிடுகிறது. பேட்டரி தரும் ஒருதிசை மின்னோட்டமான டி.சி.யில் அப்படி ஒரு கணமே கிடையாது. மின்வில்லை இழுத்து நீட்டி, துண்டாக்கி, குளிரவைத்துத்தான் அணைக்க வேண்டும். ஆகவே முகப்பில் டி.சி. வோல்ட் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பார். 16 செல்கள் கொண்ட உன் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகும்போது 58.4 வோல்ட்டைத் தொடும் என்பதால், 48 வோல்ட் என்று மட்டும் குறித்த பிரேக்கர் போதாது. 80 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கட்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது துருவத்தை. சில டி.சி. பிரேக்கர்களில் மின்வில்லை, அதைத் துண்டாக்கிக் குளிரவைக்கும் தகட்டு அடுக்குக்குள் தள்ளுவதற்கு ஒரு நிலைக்காந்தம் இருக்கும். மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்ந்தால் அதே காந்தம் மின்வில்லை வெளிப்பக்கம் தள்ளிவிடும். அண்மையில், லோடு ஓடும்போதே அணைக்கப்பட்டு எரிந்துபோன ஒரு பிரேக்கரை ரிவெட்டுகளைத் துளைத்துப் பிரித்துப் பார்த்தேன். தொடுமுனைகள் உருகிச் சிறு மணிகளாகத் தொங்கின. உறையின் ஒரு பக்கம் கரிந்து ஓட்டை விழுந்திருந்தது. தகட்டு அடுக்கோ புதிதுபோல் மின்னியது, அதில் ஒரு துளி கரிகூட இல்லை. இணைத்தவர் + குறியைக் கவனியாமல் மாற்றிப் பொருத்தியிருக்கிறார். உன் அமைப்பில் இன்வெர்ட்டரே சார்ஜரும் ஆகையால் ஒரே கேபிளில் மின்னோட்டம் இரு திசையிலும் பாயும். ஆகவே துருவம் பாராத பிரேக்கர்தான் உனக்கு வேண்டும்.

அடுத்தது ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்பது. பேட்டரி, கேபிள், இணைப்புகள் எல்லாம் சேர்ந்து 20 மில்லி ஓம் என்று வைத்தால்கூட 2,500 ஆம்பியருக்கு மேல் பாயும்; இதேபோன்ற இரண்டு பேட்டரிகளை இணையாகப் போட்டால் அது 5,000-ஐத் தாண்டும். பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகை துண்டித்துவிடும் என்று நம்பியிராதே; அதில் சுவிட்சாக இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் பழுதானால் பெரும்பாலும் மின்னோட்டத்தைக் கடத்தும் நிலையிலேயே நின்றுவிடும். டி.சி.யில் 10 கிலோ ஆம்பியர் (10,000 ஆம்பியர்) வரை பாயும் ஷார்ட் மின்னோட்டத்தை முறிக்கும் பிரேக்கரைத் தேடு. அதற்கு முன்னால், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், 20 கிலோ ஆம்பியரை முறிக்கும் டி-வகை (Class T) ஃபியூஸ் ஒன்றையும் வை. செலவு கூடும்தான். ஆனாலும் நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் முதல் இணைப்பில் பெரும் மின்னோட்டத்தை உறிஞ்சும். ஒரு மின்தடை வழியாகச் சில நொடிகள் நிரப்பிய பிறகே பிரேக்கரை மேலே தள்ளு. முனைத் திருகுகளைக் குறித்த முறுக்குவிசைக்கு இறுக்கு.

வாங்கும் முன் முகப்பையும் பக்கவாட்டு லேபிளையும் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துப் பதில் எழுதும்வரை பேட்டரி முனையில் கேபிளின் லக்கை மாட்டாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்