ரோஸ்பர்க்கிலிருந்து அப்பாவுக்கு

ரோஸ்பர்க், ஓரிகன் மாநிலம், அமெரிக்கா
17 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவின் முட்டிவலிக்கு அந்த எண்ணெய் கேட்கிறதா என்று அடுத்த முறை பேசும்போது சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "உங்க ஊர்க்காரங்க எல்லாம் வரியே வேண்டாம், சட்டமே வேண்டாம்ங்கிற ஆளுங்களாமே, பேப்பர்ல போட்டிருந்தான்" என்று கேட்டீர்கள். நான் ஏதோ சொல்ல, உங்களுக்குப் பாதி காதில் விழவில்லை. இது அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ரோஸ்பர்க் சுமார் இருபத்து மூவாயிரம் பேர் இருக்கிற ஊர். டக்ளஸ் மாவட்டத்தின் தலைநகரம். கிழக்கே மலை, மேற்கே போனால் பசிபிக் கடல், நடுவில் கண்ணுக்கு எட்டும்வரை டக்ளஸ் ஃபர் மரங்கள். மரம் ஏற்றிய லாரிகள் விடியற்காலையிலேயே எங்கள் தெரு முனையைத் தாண்டிப் போகும். கரும்பு வெட்டுக் காலத்தில் நம் ரோட்டில் லாரி போகுமே, அதே அதிர்வு.

பேப்பர்காரர்கள் இந்த ஊர்க்காரர்களைப் பழமைவாதிகள் என்று எழுதுகிறார்கள். எட்டு வருடமாக இவர்களுடைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். எனக்கு அந்தச் சொல் பொருந்துவதாகத் தெரியவில்லை. இவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: எங்கள் காட்டையும் கடையையும் பற்றி, இங்கே வந்தே பார்க்காதவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

முதலில் காட்டைப் பற்றிச் சொல்கிறேன். இந்த மாவட்டத்தின் நிலத்தில் பாதிக்கும் மேல் மத்திய அரசுக்குச் சொந்தம். அதற்கு நிலவரி கிடையாது. அதில் ஒரு பங்கு 1866இல் ரயில் பாதை போடுவதற்காக ஒரு கம்பெனிக்குக் கொடுத்த நிலம். கம்பெனி நிபந்தனையை மீறியதால் 1916இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. 1937இல் வந்த சட்டப்படி, அந்தக் காட்டில் வெட்டும் மரத்தின் வருமானத்தில் பாதி மேற்கு ஓரிகனின் 18 மாவட்டங்களுக்கு வரவேண்டும். ரோடு, போலீஸ், நூலகம் எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தன. வீட்டு வரி மிகக் குறைவாகவே வைத்திருந்தார்கள்.

1990இல் புள்ளி ஆந்தை என்ற ஒரு பறவையை அழியும் ஆபத்தில் உள்ள உயிர் என்று அறிவித்தார்கள். அது பெரும்பாலும் பழங்காட்டில்தான் கூடு வைக்கும். 1994இல் அந்த ஆந்தைக்காகவும் ஆற்று மீன்களுக்காகவும் பெரிய காட்டுத் திட்டம் ஒன்று வந்தது. அரசுக் காட்டில் மரம் வெட்டுவது ஒரேயடியாகக் குறைந்துபோனது. மரமில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஆந்தை மட்டுமே காரணம் என்று இங்கே பலரும் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. புது இயந்திரங்கள் வந்ததும் கனடா மரம் வந்ததும்கூடக் காரணம். ஆனால் வேலை போன வீட்டில் அந்த விளக்கம் எடுபடாது. இந்த ஆகஸ்டில் அரசு இன்னொரு முடிவை அறிவித்தது: புள்ளி ஆந்தையை விரட்டுகிற வேறொரு இன ஆந்தையை முப்பது வருடத்தில் 4,50,000 வரை சுட்டுக் கொல்லலாமாம். அந்தச் செய்தி வந்த அன்று என்னிடம் கணக்கு கொடுக்க வந்த பழைய மில் தொழிலாளி ஒருவர் நாற்காலியில் வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்பா, நான் ஐந்தாவது படிக்கும்போது நம் கிழக்கு வேலியில் சந்தனக் கன்று ஒன்று முளைத்தது ஞாபகம் இருக்கிறதா? நான் அதற்குத் தினம் தண்ணீர் ஊற்றினேன். நீங்கள் ஒரு நாள் பிடுங்கி எறிந்தீர்கள். நான் அழுதேன். நம் நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசாங்கச் சொத்து, யாராவது வெட்டிக்கொண்டு போனால் கேஸ் நம் மேல் வரும் என்றீர்கள். 2002இல் சட்டத்தை மாற்றி நில உடைமையாளருக்கே உரிமை கொடுத்த பிறகுதான் நம் பக்கம் ஆட்கள் சந்தனம் நடத் தொடங்கினார்கள். இங்கேயும் அதேதான். சொந்தக் காடு வைத்திருக்கிற சிலர், மரம் முற்றினால் ஆந்தை வந்துவிடும், ஆந்தை வந்தால் மரத்தைத் தொடமுடியாது என்று முன்கூட்டியே வெட்டிவிட்டார்கள். காப்பாற்ற வந்த சட்டமே கன்றைப் பிடுங்க வைத்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் நம் சந்தனக் கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து என்னைத் தன் வீட்டு ஆளாகவே நடத்துகிறார்.

அந்தத் தாத்தாவின் தம்பி வீடு 2020 செப்டம்பரில் க்ளைட் பக்கம் எரிந்துபோனது. ஆர்ச்சி க்ரீக் தீ என்று பெயர். 1,31,000 ஏக்கர். பகலிலேயே வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. நாங்கள் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தோம். நெருங்கி வளர்ந்த சின்ன மரங்களைக் கலைத்துவிட்டால் தீ இவ்வளவு வேகம் பிடிக்காது என்று இவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. அன்றைக்கு அடித்த கிழக்குக் காற்றை எந்த வேலையும் நிறுத்தியிருக்காது என்பதும் உண்மைதான்.

சரி, வரிக்கு வருகிறேன். ஓரிகனில் விற்பனை வரி கிடையாது. கடையில் சீட்டில் போட்ட விலைதான் நாம் கொடுப்பது. அந்த வரியைக் கொண்டுவர ஒன்பது முறை மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள், ஒன்பது முறையும் தோற்றது. ஆனால் வருமான வரி உச்சியில் 9.9 சதவீதம் வரை போகும். இன்னொன்று கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்கும்: அரசு எதிர்பார்த்ததைவிட வரி வருமானம் இரண்டு சதவீதத்துக்கு மேல் அதிகமாக வந்துவிட்டால், அந்த மிச்சம் முழுவதையும் மக்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த வருடம் அப்படித் திரும்பி வந்தது 560 கோடி டாலர்.

இவர்களுக்கு மிகவும் கோபம் வரவைத்தது 2020இல் தொடங்கிய வியாபார வரி. இது லாபத்தின் மேல் இல்லை, விற்பனையின் மேல். என்னிடம் வருகிற ஒரு கடைக்காரரின் கணக்கைச் சொல்கிறேன். வருட விற்பனை முப்பது லட்சம் டாலர், சரக்கு வாங்கியது இருபத்திரண்டு லட்சம். சரக்குச் செலவில் 35 சதவீதத்தைக் கழிக்கலாம். அப்புறம் முதல் பத்து லட்சத்துக்கு வரி இல்லை. மீதிக்கு 0.57 சதவீதம், அதோடு 250 டாலர். மொத்தம் 7,261 டாலர். போன வருடம் அவருக்கு நஷ்டம், ஆனாலும் கட்டினார். வெள்ளாமை பொய்த்த வருடமும் கிஸ்தி கேட்டு வந்து நின்றால் எப்படி இருக்கும்? பணம் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது என்பது நல்லதுதான். வசூலிக்கிற முறைதான் தவறு, அதை அழுத்திச் சொல்வேன்.

இந்தத் தேர்தலில் இன்னும் பெரிதாக ஒன்று வந்தது. இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் விற்கிற கம்பெனிகளிடம் மூன்று சதவீதம் வாங்கி, ஆளுக்குச் சுமார் 1,600 டாலர் பிரித்துக் கொடுக்கும் யோசனை. சும்மா வருகிற பணத்தை யார் வேண்டாம் என்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நான்கில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். இங்கே மட்டும் இல்லை, போர்ட்லண்ட் மாதிரி பெரிய நகரத்துக்காரர்களும்தான்.

பண்ணையாட்களின் ஓவர்டைம் சட்டத்தில் மட்டும் நான் இவர்களோடு இல்லை. வாரத்துக்கு 55 மணி என்று இருந்த வரம்பு ஜனவரியில் 48 ஆகிறது, 2027இல் 40. அறுவடை மாதத்தில் கட்டுப்படியாகாது என்கிறார்கள். குனிந்து பழம் பறிக்கிறவரின் முதுகு எந்த மாதமும் ஒன்றுதான்.

நிலச் சட்டத்தில் எனக்கே இரண்டு மனது. 1973இல் இருந்து விளைநிலத்தை இஷ்டத்துக்குக் கூறுபோட முடியாது. பல இடங்களில் 80 ஏக்கருக்குக் குறைந்து பிரிக்கவே கூடாது. மகனுக்கு அதே நிலத்தில் ஒரு வீடு கட்டிக் கொடுக்க முடியாமல் தவிக்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட அந்தக் காலத்துக் கவர்னர் டாம் மெக்கால், இவர்கள் ஓட்டுப் போடுகிற அதே குடியரசுக் கட்சிக்காரர். ஆனால் போர்ட்லண்டிலிருந்து மூன்று மணி நேரம் காரில் வரும்போது, ஊர் முடிந்ததும் வயல் தொடங்கிவிடுகிறது. ஈரோடு ரோட்டில் நெல் விளைந்த பூமியில் மனைக்கல்லும் கலர்க் கொடியும் நிற்பதைப் பார்த்து நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களே. ஒவ்வொரு முறையும் அதை நினைத்துக்கொள்வேன்.

என்னால் மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. மரப் பணம் நின்றபோது மாவட்டத்தால் வீட்டு வரியைக் கூட்ட முடியவில்லை. 1997இல் ஓட்டுப் போட்டு, செழிப்பாக இருந்த காலத்துக் குறைந்த விகிதத்தையே நிரந்தரமாகப் பூட்டிவிட்டார்கள். 2016இல் நூலகங்களுக்கு மட்டும் ஆயிரம் டாலர் மதிப்புக்கு 44 சென்ட் தனி வரி கேட்டார்கள். இரண்டு லட்சம் டாலர் வீட்டுக்கு வருடத்துக்கு 88 டாலர். தோற்கடித்தார்கள். அடுத்த வருடம் மாவட்டத்தின் பதினொரு நூலகமும் மூடிவிட்டது. உங்கள் பேத்திக்கு அப்போது நான்கு வயது. சனிக்கிழமைதோறும் கதை கேட்கப் போவாள். பூட்டிய கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 2018 கடைசியில் நகராட்சி எடுத்து ரோஸ்பர்க்கில் திரும்பத் திறந்தது. திறந்த பிறகு அங்கே தன்னார்வமாகப் புத்தகம் அடுக்க வந்தவர்களில் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் ஒருவர். அந்த 44 சென்டுக்கு எதிராக ஓட்டுப் போட்டதாக அவரே என்னிடம் சொன்னார். இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் போகிறார்.

பேத்தி உங்களுக்கு ஒரு டக்ளஸ் ஃபர் கூம்பு வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். செதிலுக்குச் செதில் எலிவால் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது பிழை இல்லை, நிஜத்திலும் அப்படித்தான் இருக்கும். கிழக்கு வேலியில் இப்போது என்ன நிற்கிறது என்று கேட்கிறாள். எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்