காக்கா என்று இங்கே ஒரு கிளி

வெலிங்டன், நியூசிலாந்து
ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை, மன்னித்துக்கொள். நான் நன்றாக இருக்கிறேன். குளிர்தான். தெற்குக் காற்று அடித்தால் நம் ஆடிக்காற்றெல்லாம் ஒன்றுமே இல்லை. ஹீட்டர் போடுகிறேனா என்று கேட்டிருந்தாய், இரண்டு போர்வை இருக்கிறது, அதுவே போதும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஞாயிறு தவறாமல் மரப்பெட்டி எலிப்பொறியோடு வேலிக்கருகே உட்கார்ந்துவிடுவார். எலிக்கு ஏன் இத்தனை பாடு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே இல்லாத தீவுகளாம் இவை. அதனால் பறவைகள் பயமில்லாமல் தரையிலேயே முட்டையிட்டன, கிவி பறப்பதே இல்லை. அப்புறம் கப்பலில் எலி வந்தது, ரோமத்துக்காக 1837-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து போசம் என்ற விலங்கைக் கொண்டுவந்தார்கள், பெருகிப்போன முயலைப் பிடிக்க 1880-களில் கீரி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவோ முயலோடு நிற்காமல் குஞ்சையும் முட்டையையும் தின்றது. 2050-க்குள் இவற்றை நாடு முழுக்க ஒழிப்பது என்று அரசாங்கமே இறங்கியிருக்கிறது. விமான நிலையத்தை ஒட்டிய மிராமரில் பொறியும் மருந்தும் வைத்து எலியே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

காக்கா என்று இங்கே ஒரு கிளிக்குப் பெயர் அம்மா. இந்த ஊரில் அற்றுப்போயிருந்ததை 2002-ல் வேலி போட்ட சரணாலயத்தில் கொண்டுவந்து விட்டார்களாம், இப்போது எங்கள் தெரு மரத்தில் பட்டையை உரித்துக்கொண்டிருக்கிறது. பெயரைக் கேட்டதும் நீ காக்காய்க்குச் சோறு வைக்கிற சுவர்தான் ஞாபகம் வந்தது.

பொறிக்குள் வைப்பது அரைத்த வேர்க்கடலை. போன வாரம் பெரியவர் டப்பாவைத் திறந்தார், நீ வாசலில் மணலைப் போட்டுக் கடலை வறுக்கிற அதே மணம். நான் அப்படியே நின்றுவிட்டேன். என்னாச்சு என்று கேட்டார், காற்றில் கண் கலங்குகிறது என்றேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். கண்மாய்க்கரை நிலத்தைக் கரிமூட்டக்காரருக்கு விடலாம் என்று சித்தப்பா சொன்னாராமே, வேண்டவே வேண்டாம். அவர்கள் சீமைக்கருவையை மேலாக வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள், தூர் கிடக்கும், ஒரு மழையில் தழைத்துவிடும். அதுவும் விறகுக்கு ஆகும் என்று எங்கிருந்தோ கொண்டுவந்து விதைத்த மரம்தானே. ஜேசிபி வைத்துத் தூரோடு எடுக்கச் சொல், ஐப்பசி மழைக்குப் பிறகு முளைக்கிற கன்றை விடாமல் பிடுங்க வேண்டும். நெற்றைத் தின்ற ஆடுமாட்டை அங்கே மேயவிடாதே, சாணியிலிருந்தே முளைத்துவிடும். ஒன்று தப்பினாலும் எல்லாம் வீண் என்று பெரியவர் எலியைச் சொல்கிறார், நமக்கும் அதே கணக்குத்தான்.

வாடகைக்கு இப்போது பாதிதான் அனுப்புகிறேன், சம்பளத் தேதி மாறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. மீதி புரட்டாசியில். மாமாவிடம் கேட்காதே.

அண்ணன் மகன் பிப்ரவரியில் படிக்க வரும்போது கறிவேப்பிலை, விதை எதுவும் கொடுத்துவிடாதே. தின்பண்டம் எதுவானாலும் நாட்டுக்குள் நுழையும்போது தரும் படிவத்தில் எழுதிவிடச் சொல், மறைத்தால் 400 டாலர் அபராதம். வறுத்த கடலை கொஞ்சம் கொடுத்துவிடு.

உன் மகன்,
முருகேசன்