காலி மனைப் புல்லுக்குத் தீ வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தெருக்கோடிக் காலி மனையில் போன வாரம் புல்லுக்குத் தீ வைத்துவிட்டார்கள். அங்கே வளர்ந்திருந்தது ஊசிப்புல். ஆப்பிரிக்க, ஆஸ்திரேலியப் புல்வெளிகளிலும் சாதாரணமாகக் கிடக்கும் புல். வேட்டியில் குத்தி ஒட்டிக்கொள்ளும் அதன் விதையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், நீளமான வால் மெல்லச் சுழலும். அப்படித் திருகித் திருகித்தான் அது மண்ணுக்குள் இறங்குகிறது.

இந்த மாதிரிப் புல்லுக்கு நடுவே, தரையிலேயே கூடு கட்டும் பறவை வானம்பாடி. புள்ளிச் சில்லைகளோ நீளப் புல்லை அலகில் கவ்விக்கொண்டு போய் முள்மரத்தில் பந்து போலக் கூடு முடையும். தீ வைத்த மறுநாள் காலை சாம்பலுக்கு மேலே ஒரு ஜோடி சில்லைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. எனக்கு மனசு ஆறவில்லை.

கிண்டி தேசியப் பூங்காவின் வெளிமான்களுக்கும் திறந்த புல்வெளிதான் வேண்டும். மரம் நடுவது நல்லதுதான், சரி, அதற்காகப் புல்வெளியை எல்லாம் தோப்பாக்க வேண்டாம். மனையைச் சுத்தம் செய்பவர்கள் குஞ்சுகள் பறந்த பிறகு அரிவாளால் அறுத்தால் போதும். மாநகராட்சி இதை ஓர் உத்தரவாகவே போட வேண்டும்.

– ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை