மின்விசிறிக்கு மூன்று வைத்தியர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அக்னி நட்சத்திரத்தில் எங்கள் கூடத்து மின்விசிறி உறுமியது, சுற்றவில்லை. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடிவீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் இறக்கையைத் தள்ளினார், சோம்பலாகச் சுற்றியது. “சரியாகிவிட்டது” என்று காபி குடித்துவிட்டுப் போனார். மின்சாரம் போய் வந்ததும் மறுபடி துடைப்பம்தான். என் மைத்துனர் இறக்கையை நிமிர்த்தினார். நேராக இருந்ததை எப்படி நிமிர்த்துவது என்று அன்றுதான் பார்த்தேன். பால்காரர் ரெகுலேட்டரைக் குற்றம் சொன்னார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டதுதான் என் பங்கு.

மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியன் வந்தார். விசிறியைச் சுற்றத் தொடங்கவைக்கும் சிறு பாகமான 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை மாற்றினார், பத்து நிமிட வேலை. இப்போது விசிறி நன்றாகச் சுற்றுகிறது; நிமிர்த்திய இறக்கையால் ஆடவும் செய்கிறது. அதற்கும் மைத்துனரிடம் யோசனை இருக்கிறதாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.