கூடிப் படித்தால் ஆங்கிலம் வசப்படும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை நிமித்தமாகவும் திருமணமாகியும் சிங்கப்பூருக்கு வந்த தமிழர் பலர், ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொண்டாலும் பேசத் தயங்குகின்றனர். இவர்களுக்கு வகுப்புகளைவிடத் தோழமையுடன் கூடிப் படிப்பதே பெரிதும் கைகொடுக்கும் என்பதை எங்கள் தெம்பனிஸ் வாசிப்புக் குழுவில் கண்கூடாகக் கண்டேன்.

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலைச் சிறு பகுதிகளாக உரக்க வாசித்து, பிறகு 1995இல் பிபிசி ஒளிபரப்பிய ஆறு பாகத் தொடரை ஆங்கில வசன வரிகளுடன் பார்த்தோம். (தமிழ் வரிகள் இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும், காதுக்கு வேலை இராது.) ஐந்து மகள்கள் இருந்தும் பென்னட் குடும்பத்தின் சொத்து ஆண் உறவினர் ஒருவருக்கே போய்ச் சேரும் என்ற கட்டம் வந்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த தோழி ஒருவர், தம் ஊரில் பெண்களுக்குப் பங்கு மறுக்கப்பட்ட கதையைத் தட்டுத் தடுமாறியேனும் ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தார். சொல்லியே தீர வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டால் இலக்கணப் பயம் விலகிவிடுகிறது. மறுப்பையும் கோபத்தையும் மரியாதை குறையாமல் வெளியிடும் அந்த நாவலின் உரையாடல் முறை, அலுவலகத்திலும் எங்களுக்குப் பயன்படுகிறது.

நூல்கள் நம் நூலகங்களில் எளிதில் கிடைக்கின்றன. கூடிப் பேச இடம் கிடைப்பதுதான் கடினம். சமூக மன்றங்கள் இத்தகைய சிறு குழுக்களுக்குக் கட்டணமின்றி ஓர் அறையை ஒதுக்க முன்வர வேண்டும். இல்லப் பணிப்பெண்களும் தங்குவிடுதிகளில் வசிக்கும் ஊழியர்களும் கலந்துகொள்ள ஞாயிறு மாலையே ஏற்ற நேரம்.

வாசகி,
தெம்பனிஸ்